கதவுக்கு வெளியே நின்ற பன்னிரண்டு பேர்

கோரஸ் பழக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மூச்சுப் பயிற்சி, தாளக்கட்டு, மேடையில் யார் எங்கே நிற்பது, இதையெல்லாம் காட்டித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டு இருத்தினால் தன் வெற்றிகளைத்தான் அவிழ்த்துவிடுவான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் ஒன்றிரண்டு வெற்றி உண்டு, தேநீர் குடிக்கும்போது சொல்கிறேன். இப்போது சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழையை. அந்தப் பிழையில் ஒரு மனிதர் சாகக் கிடந்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் போயிருக்கும். வடமேற்கு லண்டனில் ஒரு சின்னக் கலை நிலையத்தில் எனக்கு நாடகப் பயிற்றுநர் வேலை. அந்தக் காலத்தில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்துதான் கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றால் என்னவென்று படித்தேன். சொல்லித் தந்தவர் சைப்பிரஸ் நாட்டுப் பெண். குரல் கணீரென்று இருக்கும், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. “நடிகர்கள் வருவார்கள், போவார்கள். கோரஸ் போகாது. கோரஸ் என்பது ஊர்” என்றார் முதல் நாளே. அரசன் வந்தால் அவனிடம் கேள்வி கேட்பது ஊர். பிழை செய்தால் எச்சரிப்பது ஊர். பயப்படுவது, பிரார்த்திப்பது, பாடி ஆடி அழுவது எல்லாம் ஊர்தான்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த நாடகங்களில் கொலையும் சாவும் மேடையில் நடப்பதில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்கும், அவ்வளவுதான். கோரஸ் வெளியே நின்றபடி உள்ளே போவோமா வேண்டாமா என்று தர்க்கம் செய்யும். கடைசிவரை போகாது. “இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருவராவது கதவைத் தள்ளிப் பார்க்கக் கூடாதா?” என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ளே போகிற ஊரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார்.

நம்முடைய கூத்தில் வேறு வழக்கம். உங்களில் பலர் கூத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நடிகர் ஒரு வரி பாடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் அதே வரியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அதற்குப் பிற்பாட்டு என்று பெயர். நடிகருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அடுத்த வரி மறந்து போனாலும் பிற்பாட்டுக்காரர் இன்னொரு சுற்றுப் பாடிச் சமாளித்துவிடுவார்கள், சபைக்கு ஒன்றும் தெரியாது. நடிகரின் மானத்தைக் காப்பாற்றுவதுதான் அவர்களுடைய வேலை. நான் இந்த இரண்டையும் கலந்தேன். கிரேக்கக் கோரஸுக்கு நம்முடைய பிற்பாட்டு! அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

நாடகத்தை நாங்களே எழுதினோம். ஒரு துறைமுக நகரம். கடலுக்கு அப்பால் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்ட அரசன் எந்தக் கப்பலும் உள்ளே வரக் கூடாது என்று கட்டளை போடுகிறான். வெளியே காத்துக் கிடந்த கப்பல் ஒன்று புயலில் கவிழ்ந்துவிடுகிறது. அதில் இருந்தவன் தன் மகன் என்று பிறகுதான் அரசனுக்குத் தெரிகிறது. ஒரு சொல்லும் பேசாமல் அரண்மனைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். உள்ளேயிருந்து அலறல். அவ்வளவுதான் கதை.

அரசனாக நடித்தவரை எல்லோரும் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கணக்குப் படிப்பித்தவர். அறுபத்தேழு வயது. மனைவி இல்லை, மகள் கனடாவில். வெம்பிளியில் தனியாக இருந்தார். குரல் என்றால் குரல், அப்படி ஒரு குரல்! வாயைத் திறந்தால் மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் போகும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

கோரஸில் பன்னிரண்டு பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஷிப்ட் மாற்றி, லீவு கேட்டு, ஜூபிலி லைன் ரயில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறிக் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்வார்கள். ஒத்திகை அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில். அந்தப் பன்னிரண்டு பேரையும் நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒத்திகையில் என் உயிரை வாங்கினார்கள். கோரஸ் அரசனின் முகத்தைப் பார்த்து, ‘அரசே, நீ செய்வது பிழை’ என்று சொல்ல வேண்டும். ஒருவருக்கும் வாய் வரவில்லை. பாதிப் பேர் சேரிடம் படித்தவர்கள், மற்றவர்களில் பலருடைய அண்ணனோ மாமனோ அவரிடம் படித்திருப்பார். குனிந்த தலை நிமிராமல் முணுமுணுப்பார்கள். சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த கார்த்திக் ஒரு நாள் துணிந்து நிமிர்ந்தான். “அரசே, நீ செய்வது பிழை சார்!” என்றான். மண்டபமே சிரித்தது, சேர் உட்பட.

அந்தப் பன்னிரண்டில் ஒருவர் நிமலா. லண்டனின் தெற்கே, சட்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, இரண்டு மணித்தியாலம் பயணம் செய்து வருவார். அதிகம் பேசமாட்டார். அவருடைய குறை ஒன்றுதான். மற்றவர்கள் அசைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அசைந்துவிடுவார். “நிமலா, கோரஸில ஒராள் தனிய அசையக் கூடாது! பன்னிரண்டு பேரும் ஒரு உடம்பு!” என்று நான் கத்தாத ஒத்திகை இல்லை. கடைசியில் வரிசையின் ஓரத்தில், அரண்மனைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். அங்கே நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இராது என்று என் கணக்கு.

மேடையேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிமலா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணை, சேருக்குப் படி ஏறேக்க மூச்சு வாங்குது. கவனிச்சியளோ? இடது கையையும் அடிக்கடி தடவுறார்.”

“நீரே ஒருக்காச் சொல்லிப் பாருமன். நீர்தானே நர்ஸ்.”

“ஐயோ, நான் எப்பிடிச் சேருக்குச் சொல்லுறது? என்ரை பெரியண்ணைக்குப் படிப்பிச்சவர். நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

நான் போய்ச் சொன்னேன். உண்மையில் சொன்னேன் என்று சொல்ல முடியாது, சொல்வதுபோலக் காட்டினேன். “சேர், ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினால் நல்லது” என்று இழுத்தேன். சேர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். கணக்குப் பிழைத்த மாணவனைப் பார்க்கும் அதே பார்வை.

“அது வாய்வு. நீர் உம்மட தாளத்தைப் பாரும், தம்பி.”

நானும் தாளத்தைப் பார்த்தேன். ஆறு மாத உழைப்பு, மண்டபம் பதிவு செய்தாயிற்று, அரசன் இல்லாமல் நாடகம் இல்லை. வாய்வு என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ஏமாந்தேன் என்று நான் சொல்லமாட்டேன். ஏமாற விரும்பினேன், அதுதான் உண்மை. அடுத்த கிழமை நிமலா, “சொன்னியளோ அண்ணை?” என்று கேட்டார். “சொன்னனான், வாய்வாம். நாடகம் முடியட்டும், பிறகு பாப்பம்” என்றேன். அவர் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

மேடையேற்றம் வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிறு பிற்பகல். சனம் நிரம்பிவிட்டது. மேடையின் பின்புறத்தில் பலகையால் செய்த அரண்மனைக் கதவு. அதற்குப் பின்னால் இருந்தது ஆள் ஒருவர் நிற்கக்கூடிய சந்து. வேறு வழியும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. சேர் அங்கே போய் நின்று அலற வேண்டும். அலறல் கேட்டதும் கோரஸ் இரண்டாகப் பிரிந்து உள்ளே போவோமா வேண்டாமா என்று தர்க்கம் செய்யும். நான் மேடையோரத்தில் தாளத்தோடு இருந்தேன். சேருக்கு ஏதாவது தடங்கல் வந்தால் ஒரு விரலைத் தூக்குவேன், கோரஸ் கடைசி வரியை இன்னொரு தரம் பாடும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

சேர் அன்று கொடிகட்டிப் பறந்தார். மகன் இறந்த செய்தி கேட்டதும் முகத்தில் ஒரு வெளிறல் வந்ததே, அதைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. என்ன நடிப்பு என்று நினைத்தேன். மெல்ல நடந்து போனார். கதவைச் சாத்தினார். கோரஸ் பாடியது:

கப்பலில் நின்றவர் யார், கடலே,
கையசைத்தவர் யார்?

பாட்டு முடிந்தது. அலறல் வரவில்லை.

நான் விரலைத் தூக்கினேன். இரண்டாம் தரம் பாடினார்கள். அலறல் இல்லை. சேர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நினைத்தேன். சபையைத் தவிக்கவிட்டுப் பார்க்கிற ஆள்தான் அவர். விரல் இறங்கவில்லை. மூன்றாம் தரம் பாடும்போது ஒன்று நடந்தது. ஆண்களின் குரல் தானாகக் கீழே இறங்கிற்று, பெண்களின் குரல் அதன்மேல் ஏறி நின்றது. ஆறு மாதமாக நான் கத்திக் கத்தியும் வராத ஒற்றுமை அன்று வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். சபையில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நாலாம் தரத்துக்கும் விரலைத் தூக்கிப் பிடித்தேன்.

நன்றாகக் கேளுங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு மனிதரிடமிருந்து வரவேண்டிய சத்தம் வரவில்லை. எனக்கோ பாட்டு நன்றாக இருந்தது.

நாலாம் தரம் பாதியில் நிமலா வரிசையை விட்டு விலகினார். எனக்கு முதலில் வந்தது கோபம், அதை மறைக்கமாட்டேன். கெடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாலு எட்டு வைத்துப் போய்க் கதவைத் தள்ளினார். முழுதாகத் திறக்கவில்லை. பின்னால் ஏதோ தடுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சபையில் யாரோ கைதட்டினார்கள். புதுமையான நாடகம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளேயிருந்து நிமலாவின் குரல் வந்தது. பாட்டுக் குரல் அல்ல, வார்டில் பேசுகிற குரல்.

“லைற்றைப் போடுங்கோ. அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. சேர், என்னைப் பாருங்கோ. கண்ணை மூடக் கூடாது. என்னைப் பாருங்கோ.”

கார்த்திக் மேடையிலிருந்து குதித்துப் போனுக்கு ஓடினான். மண்டபத்து விளக்குகள் எரிந்தன. மற்றப் பத்துப் பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடிக்கொண்டே நின்றார்கள். கன்னத்தில் கண்ணீர் வழிய, ‘கையசைத்தவர் யார்’ என்று பாடினார்கள். ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் என் கையைப் பார்த்தேன். விரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

எழும்பி நின்று சபையிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் பன்னிரண்டு பேரும் முகப்பூச்சும் வெள்ளைத் துணியுமாக நின்றோம். பன்னிரண்டு என்றது என்னையும் சேர்த்துத்தான், நிமலா அம்புலன்ஸில் சேரோடு முன்னமே போய்விட்டார். குடும்பத்தார் யார் என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். அந்தப் பெண் பாவம், இந்தக் கூட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எங்களுக்காக ஓர் அறையைத் திறந்துவிட்டார். மாரடைப்புத்தான். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இல்லாவிட்டால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். நேரத்தோடு! எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நிமலா வெளியே வந்ததும் அவரிடம் போனேன்.

“நிமலா, என்னை மன்னியும். ரெண்டு கிழமைக்கு முந்தியே சொன்னீர். நான் காதில விழுத்தேல்லை.”

என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். பாய்ந்திருக்கலாம், நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அழுதார்.

“நான் முதல் தரமே போயிருக்க வேணும் அண்ணை. மூண்டு தரம் பாடினன். ஏதோ பிழை எண்டு எனக்குத் தெரியும். உங்கட விரலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”

தம்பிமாரே, தங்கச்சிமாரே, என் வேலைக்காலம் முழுவதும் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப்போல எதுவும் சுட்டதில்லை. பன்னிரண்டு நல்ல மனிதரைக் கதவுக்கு வெளியே நின்று அழகாகப் பாடப் பழக்கியவன் நான். அதில் ஒருவருக்குத்தான், ஒழுங்காகப் பழகாத காரணத்தால், உள்ளே போக முடிந்தது.

நாலாம் நாள் சேரைப் பார்க்க விட்டார்கள். நிமலாவும் நானும் போனோம். தலையணையில் சாய்ந்திருந்தார், கண்ணாடி இல்லாமல் முகம் சிறிதாகத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, எத்தனை தரம் பாடினனீங்கள்?”

“மூண்டு தரம், சேர். நாலாவது பாதி.”

“ஓம், நானும் எண்ணினனான். நிலத்தில கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன். கூப்பிடக் குரல் வரேல்லை. என்ரை குரலுக்கு அண்டைக்குத்தான் லீவு.” கொஞ்சம் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்தார். “முதல் தரம் பாடேக்க, இப்ப வருவினம் எண்டு நினைச்சன். ரெண்டாந்தரமும் நினைச்சன். மூண்டாந்தரம் நீங்கள் பாடின வடிவு இருக்கே... அந்த வடிவைக் கேட்டாப் பிறகுதான், இனி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு எனக்கு விளங்கிச்சுது.”

நான் அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு முன்னால் அழக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகும் பல வருடம் இந்த வேலையைச் செய்தேன். கிரேக்கக் கோரஸை விட்டுவிடவில்லை. பிற்பாட்டையும் விடவில்லை, அது நம்முடைய சொத்து. ஒன்றை மட்டும் மாற்றினேன். ஒத்திகையின் முதல் நாளே கோரஸில் ஒவ்வொருவரையும் என் முகத்தைப் பார்த்து, நீங்கள் செய்வது பிழை என்று சொல்லச் சொல்வேன். என் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும், அண்ணை கிண்ணை ஒன்றும் கிடையாது. வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், சொல்லும் வரைக்கும் விடமாட்டேன். பாட்டு நன்றாக வந்த பிறகுதான் மற்றச் சத்தங்களைக் கேட்பேன் என்று இருந்துவிடாதீர்கள். பாட்டு நன்றாக வரும் நேரத்தில்தான் காதைக் கதவுப் பக்கம் வைக்க வேண்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் புறப்படும்போது சேர் மறுபடி கூப்பிட்டார்.

“தம்பி, இனி எனக்கு ராசா வேண்டாம். கத்தக் கூடாதாம். கோரஸில ஒரு இடம் தாரும்.”

“தாறன் சேர். எங்கை நிக்கப் போறியள்?”

“கதவுக்குக் கிட்ட.”

“அது நிமலான்ரை இடம். நான் தர ஏலாது. நீங்கள் அவவைத்தான் கேக்க வேணும்.”

சேர் என்னைப் பார்த்தார், நிமலாவைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு இடம் காட்டி இருத்தியவர். நிமலா கட்டில் பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சேர் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, உம்மட இடத்தில எனக்கும் கொஞ்சம் தருவீரோ?”

நிமலா பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டொக்டர் தந்த குளிசையை நேரத்துக்குப் போடுவியளோ, சேர்? இவ்வளவு நாளும் நீங்கள் செய்தது பிழை.”

சேர் கையை நீட்டி ஒரு சுளையை வாங்கினார்.

“போடுறன்” என்றார்.